எவ்வகையிலும் பங்கெடுக்காத

கிரகாம் ஹோல்டன் திருத்தத்தை வாசிக்க எழுந்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. லண்டனின் ஓரத்திலுள்ள அந்த நகர மன்றத்தின் உயரமான சன்னல்கள் வழியாக அது சாய்ந்து உள்ளே வந்து, உறுப்பினர்களின் மேசைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, சுகந்தினியின் வலது கைமேல் விழுந்து கிடந்தது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள், இழுக்கவில்லை. ஹோல்டன் வாசித்து முடிக்க வேண்டும், பிறகு அந்தத் திருத்தம் ஏன் தேவை என்று பேச வேண்டும், பிறகு பதவிச் சங்கிலி அணிந்த மேயர் அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து வழிமொழிபவர் யார் என்று கேட்க வேண்டும், அப்போது சுகந்தினி எழுந்து நான் என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான். தந்தவள் டெபரா. அவர்களுடைய கட்சியின் உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரே பக்கம் வாக்களிக்க வைக்கும் பொறுப்பு அவளுடையது. மத்தியானம் தொலைபேசியில் மிக இனிமையாகக் கேட்டாள். நீ போரைக் கண்டவள் சூகி, நீ வழிமொழிந்தால் எதிரே இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்; சுகந்தினி அவளுக்குச் சூகி. சுகந்தினி சரி என்றுவிட்டாள். அப்போது அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில், கண் சோதிக்கும் சாதனத்துக்குப் பின்னால் கண்ணை வைத்தபடி ஒரு கிழவர் காத்திருந்தார். அவருக்கு ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போட்டு, இதுவா தெளிவு அதுவா தெளிவு என்று கேட்டுக்கொண்டே கைப்பேசியில் வந்திருந்த திருத்தத்தையும் வாசித்தாள். மூலத் தீர்மானம் எங்கோ தூரத்தில் நடக்கும் ஒரு போரைப் பற்றியது. பொதுமக்கள் கொல்லப்படுவதை இந்த மன்றம் கண்டிக்கிறது என்றது அது. திருத்தம் பொதுமக்கள் என்ற சொல்லுக்கு முன்னால் மூன்று சொற்களைச் சேர்த்தது, வேறொன்றுமில்லை. போரில் எவ்வகையிலும் பங்கெடுக்காத பொதுமக்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்றார் கிழவர். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இப்போது அதே சொற்கள் ஹோல்டனின் வாயிலிருந்து வந்தபோது, கம்பளிச் சட்டை ஆணியில் மாட்டிக்கொள்வதுபோல ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது. எவ்வகையிலும். அவர் அந்தச் சொல்லை அழுத்தவில்லை. அவர் எதையும் அழுத்திப் பேசுகிறவர் அல்ல; நல்ல மனிதர், போன மாதம் தன் தாயைக் கைபிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தவர், அந்த அம்மாவின் கண்புரையைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டவர். சொற்கள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். ஆயுதம் ஏந்தியவர்கள் மக்களுக்குள் ஒளிகிறார்கள், மக்கள் அவர்களுக்குச் சோறு கொடுக்கிறார்கள், பதுங்குகுழி வெட்டிக் கொடுக்கிறார்கள், யார் யார் என்று பிரிக்காமல் ஒரு மன்றம் எப்படிக் கண்டிக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று சுகந்தினிக்குத் தோன்றியது. பொதுமக்கள். அவளுக்கு எந்த ஆங்கிலச் சொல்லும் முதலில் தமிழாகிப் பிறகுதான் விளங்கும், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஆனால் இந்தச் சொல் தமிழாகியும் விளங்கவில்லை. பொதுமக்கள் என்று, அவள் போரைக் கண்ட இலங்கையின் வன்னியில், யாரும் யாரையும் சொன்னதில்லை. வானொலிதான் சொல்லும், இரண்டு பக்கத்து வானொலியும் சொல்லும். தங்களுக்குள்ளே அவர்கள் சனம். சனம் எந்தப் பக்கம் போகுது, சனத்துக்குள்ள விழுந்திட்டுதாம், சனத்தோட சனமாப் போவம். சனத்துக்கு முன்னால் எந்தச் சொல்லையும் சேர்க்க முடியாது. சேர்த்தால் அது சனமாக இராது. இதை ஹோல்டனுக்கு எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, அவளுடைய வேலை எழுந்து நான் என்று சொல்வது, இரண்டு நொடிகூட ஆகாது. மேலே பார்வையாளர் மாடத்தில் யாரோ இருமினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் துணி சுற்றிய பெண்கள் சிலர், அட்டைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்த இளைஞர்கள், அட்டைகளைத் தூக்கக்கூடாது என்று காவலாளி முதலிலேயே சொல்லியிருந்தார், அவர்களுக்கு இரண்டு வரிசை தள்ளி எதிர்க்கருத்துடையவர்கள், ஓரத்தில் தனியாகத் தவபாலன் அண்ணை. ஊர்ச் சங்கத்தின் தலைவர். வாக்குக் கேட்டு அவளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர். இந்தத் தீர்மானம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, எங்கட கதையையும் ஒரு வரியாவது சொல்லு பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்த வரியை என்று அவள் கேட்கவில்லை. எந்த வரியை அவர் நினைக்கிறார் என்று தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

குப்பை அள்ளுவதும் வீதிப் பள்ளம் மூடுவதும்தான் நம் வேலை, உலகத்தைத் திருத்துவதல்ல என்று முன்னதாக ஒருவர் பேசியிருந்தார். அதற்குக் கைதட்டல் கூடக் கிடைத்தது. அப்போது அவள் கோபப்படவில்லை, சொல்லப்போனால் அவளும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தாள், கடற்கரை மணலில் வெட்டிய குழிக்குள் இருந்தபோது இல்லை, அதற்கு முன்னால், போர் பக்கத்து ஊர்களில் இருந்தபோது. பக்கத்து ஊரில் இருக்கும்வரை போர் ஒரு செய்தி. பிறகு அது வீட்டுக்கு ஒருவர் என்று வந்தது. இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டது. முதலில் கேட்டது, பிறகு எடுத்தது. அப்பா அதற்கு முன்பே நெஞ்சுநோவில் போய்விட்டார். வீட்டில் அம்மா, சுகந்தினி, தங்கை. கலியாணம் கட்டினவர்களை எடுப்பதில்லை என்று ஒரு கதை இருந்ததால் அம்மா அவசரம் அவசரமாகச் சுகந்தினிக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வதும் சரியில்லை, எதிர் வீட்டு வளவில் இருந்தவனைக் கேட்டாள். நந்தகோபன். அவனுக்கும் அது தேவையாயிருந்தது. பழைய சேலையில், மஞ்சள் கயிற்றில், விருந்தில்லாமல் நடந்த கலியாணம். இன்றைக்கு அவன் இங்கே பேக்கரியில் இரவு வேலை செய்கிறான், நல்ல மனிதன், இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. மூத்தவளுக்குத்தான் முதலில் கட்டுவார்கள். அது வழக்கம். இளையவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, எடுக்கமாட்டார்கள் என்றும் ஒரு கதை இருந்தது. எத்தனை கதைகள். கயிறு கழுத்தில் ஏறிய மூன்றாம் வாரம் வந்து தங்கையைக் கூட்டிப்போனார்கள். அம்மா அந்தப் பிள்ளைகளின் வாகனத்துக்குப் பின்னால் ஓடினாள். பிள்ளைகள்தான், கூட்டிப்போக வந்தவர்களும் பிள்ளைகள், அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கயிறு தன் கழுத்துக்குப் பதிலாக, என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைச் சுகந்தினி பலமுறை தொடங்கியிருக்கிறாள், முடித்ததில்லை. இப்போதும் தொடங்கியது. நிறுத்தி, ஹோல்டனின் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். நீலம். சிறிய வெள்ளைப் புள்ளிகள். நேர்மையாக நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேர்மையாகக் கேட்டால். தங்கை அங்கே என்ன செய்தாள்? மண் வெட்டினாள். பின்னலை வெட்டி, தலையை ஆண்பிள்ளைபோல ஒட்ட நறுக்கி, ஒரு நீளக் காற்சட்டை கொடுத்து, ராணுவத்தைத் தடுக்கும் மண்ணணை கட்ட மண் வெட்ட விட்டார்கள். துவக்கைப் பிடிக்கப் பழக்கினார்கள், சுடவில்லை என்று சொன்னாள். சுடவில்லையா, அல்லது சுடவில்லை என்று அம்மாவுக்காகச் சொன்னாளா? சுகந்தினி ஒருபோதும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு விடிகாலையில், எல்லோரும் ஷெல்லுக்குப் படுத்துக்கிடந்தபோது எழுந்து நடந்துவிட்டாளாம். சனத்துக்குள் நடந்து சனத்துக்குள் விசாரித்து அவர்களைக் கண்டுபிடித்து வந்து குழிக்குள் இறங்கினாள். அதன்பிறகு அவளால் எந்தப் பக்கமும் போக முடியவில்லை. வெளியே தலைகாட்டினால் இயக்கம் திரும்ப எடுத்துப்போகும். தப்பி அந்தப் பக்கம் போனாலோ, அந்தத் தலையைப் பார்த்த உடனே ராணுவம் அவளை வேறு வரிசையில் நிறுத்தும். அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவள் தலையில் கட்டிவிட்டாள், காய்ச்சல்காரிபோல. குழியின் வாயில் மண் நிரப்பி அடுக்கிய மூட்டைகளெல்லாம் சேலையில் தைத்தவை, கூறைச் சேலைகளும் இருந்தன, நடுவெயிலில் சரிகை மினுங்கும். தங்கை அவற்றைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உள்ளே படுத்திருப்பாள். பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியே. ஒருநாள் மட்டும், நான் இப்ப ஆர் அக்கா, என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சுகந்தினி சிரித்தாள். இப்போது அந்தக் கேள்வி, இத்தனை மைல் தள்ளி, மெழுகிட்ட மேசைகளும் தோல் கதிரைகளும் உள்ள இந்த மண்டபத்தில், ஹோல்டனின் திருத்தத்துக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வகையிலும் பங்கெடுக்காத. மண் வெட்டியவள் பங்கெடுத்தவள். பிறகு ஓடிவந்தவள்? ஓடிவந்தது எந்த வகை? சரி, அவளை விடுவோம். அம்மா தன் கடைசிச் சோடிக் காப்பை இயக்கத்துக்குக் கொடுத்தாள், எல்லாரும் கொடுத்தார்கள், கொடுக்காமல் இருக்க முடியாது, ஆனாலும் கொடுத்தாள். சுகந்தினியே ஒருநாள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்ட ஒரு பையனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், அவன் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊதி ஊதிக் குடித்தான். அது எந்த வகை? இந்தச் சல்லடையில் ஒவ்வொருவராகப் போட்டு அரித்துக்கொண்டே போனால் கடைசியில் யார் மிஞ்சுவார்கள், பக்கத்துக் குழியில் பிறந்த அந்தக் கைக்குழந்தை மிஞ்சும், அதையும் யாராவது கேட்கலாம், அதன் தகப்பன் யார் என்று.

இதெல்லாம் மிகையான யோசனை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இது ஒரு நகர மன்றம். இங்கே நிறைவேறும் தீர்மானத்தால் எந்த விமானமும் திரும்பப்போவதில்லை. ஒரு கடிதம் போகும், ஓர் அமைச்சின் பதில் வரும், இரண்டும் மரியாதையாக இருக்கும். ஆனாலும் அவள் மேயரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது திறக்கும் என்று. ஷெல் வருமுன் ஒரு சிறு இடைவெளி இருக்கும், ஏவுகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவே. அதற்குள் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். அந்த இடைவெளி இங்கேயும் எங்காவது வந்து நிற்கும், கடையில் ஒருவர் அடுத்த எழுத்தை வாசிக்குமுன், வீதிச் சந்தியில் விளக்கு மாறுமுன். குழியில் இருந்த ஒருநாள் விடியற்புறம் தங்கை முகம் கழுவ வெளியே போனாள். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்சம் அமைதியாக இருந்தது, தலையில் கட்டிய துணி நாறுகிறது என்றாள், அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனாள். கடலின் பக்கமாகத் திரும்பி நின்றாள். சுகந்தினி குழிக்குள்ளிருந்து அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ராணுவத்தின் பக்கத்திலிருந்து வந்த ஷெல். இதுதான் தவபாலன் அண்ணை கேட்கும் அந்த ஒரு வரி என்று நினைத்தாள், இது மட்டும், இதற்கு முன்னால் உள்ள வரி இல்லாமல். ஹோல்டனுக்கோ அந்த முன்வரி, அவள் மண் வெட்டிய வரி, போதும். இருவரும் சேர்ந்து தங்கையை நடுவால் கிழித்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளலாம். அவளைப் புதைத்தது அவள் படுத்திருந்த அதே குழியில். மூட்டைகளை மேலே சரித்தார்கள், மண் வெட்ட நேரமில்லை. மத்தியானத்துக்குள் சனத்தோடு சனமாக நகர்ந்துவிட்டார்கள். பிறகு முகாம், அங்கே ஒரு அதிகாரி, குடும்பத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டான். ஒருவர். பொதுமக்களா புலியா? அம்மா சுகந்தினியைப் பார்த்தாள். சுகந்தினி பொதுமக்கள் என்றாள். முதன்முதலாக அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அப்போதுதான். பொய் சொல்லிவிட்டோமோ என்று அன்றிரவு பயம் வந்தது. உண்மையைச் சொன்னோமா என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது.

"வழிமொழிபவர் யார்?" என்றார் மேயர்.

அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது தெரியும்முன்பே எழுந்திருந்தாள். முன்வரிசையிலிருந்து டெபரா திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வழிமொழியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படியானால் நீங்கள் உட்கார வேண்டும் கவுன்சிலர் என்றார் மேயர், கடுமையில்லாமல். ஒரு காரணம் சொல்லலாமா என்று கேட்டாள். மேயர் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ கேட்டார், அதிகாரி தோளைக் குலுக்கினார். சுருக்கமாக என்றார் மேயர்.

"எனக்கு ஒரு தங்கை இருந்தாள். எழில்வதனி. ஆயுதம் வைத்திருந்தவர்கள் அவளைப் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு மண் வெட்டினாள், பிறகு தப்பி எங்களிடம் வந்தாள். அரசாங்கத்தின் ஷெல் அவளைக் கொன்றது. இந்தத் திருத்தத்தின்படி அவளுடைய சாவைக் கண்டிக்க முடியுமா, முடியாதா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்காத ஒன்றை நான் வழிமொழிய மாட்டேன்."

உட்கார்ந்தாள். குரல் நடுங்கவில்லை, அதைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டாள், வேறொருத்தியின் குரலைப்போல. மேயர், இதைப் பகிர்ந்ததற்கு நன்றி, உங்கள் தங்கை எலிவடானியின் இழப்புக்கு இந்த மன்றம் அனுதாபம் தெரிவிக்கிறது என்றார். பிறகு, வேறு யாராவது வழிமொழிகிறீர்களா என்று கேட்டார். பின்வரிசையில், குப்பையைப் பற்றிப் பேசியவர் கையை உயர்த்தினார். விவாதம் தொடர்ந்தது. இன்னும் நாலு பேர் பேசினார்கள், அவர்களில் இருவர் அவளுடைய பேச்சை உருக்கமானது என்று குறிப்பிட்டுவிட்டுத் தாங்கள் முதலில் நினைத்து வந்ததையே பேசினார்கள். ஹோல்டன் மட்டும் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பில் திருத்தம் நிறைவேறியது. திருத்தப்பட்ட தீர்மானமும் நிறைவேறியது. சுகந்தினி இரண்டுக்கும் எதிராகக் கை தூக்கினாள். ஹோல்டன் தன் திருத்தத்துக்கு ஆதரவாகக் கையைக் கொஞ்சம் தாமதித்துத்தான் தூக்கினார். தாமதம் என்பது அவளுடைய கற்பனையாகவும் இருக்கலாம்.

படிக்கட்டில் டெபரா, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் சூகி என்றாள். கோபம் இல்லை, களைப்புத்தான். முன்கூட்டித் தனக்கே தெரியாது என்று சுகந்தினி சொன்னாள். கீழே கூடத்தில் தவபாலன் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"பிடிச்சுக்கொண்டு போனதை அங்கை ஏன் பிள்ளை சொன்னனீ? உவையளுக்கு அது ஒரு சாட்டு."

"நடந்தது அண்ணை."

"நடந்ததுதான். ஆர் இல்லையெண்டது?" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, தன் மூத்த மகனும் அப்படித்தான் போனவன், திரும்பி வரவில்லை, தானாகப் போனவன் என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வாகனம் வரை கூட நடந்து வந்துவிட்டு, கவனமாப் போ என்று சொல்லிப் போனார்.

வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபோது கைப்பேசி அடித்தது. அம்மா. மன்றக் கூட்டம் இணையத்தில் போகும் என்று எப்போதோ ஒருமுறை நந்தகோபன் சொல்லியிருக்க வேண்டும், அவனே பேக்கரிக்குப் போகுமுன் போட்டுக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. விவாதம் முழுவதையும் அவள், பெயர் தெரியாத மனிதர்கள் எழுவதையும் உட்காருவதையும், பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் அந்தப் பெயரை அவர்கள் சொல்லிப் பல வருடமாகிவிட்டது; தங்கச்சி என்பார்கள், அவள் என்பார்கள், அதுவும் அரிதாக. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்துச் சுகந்தினி கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அம்மா அழவில்லை.

"அவளின்ரை பேர் சொன்னனீ, என்ன?"

"ஓமம்மா."

"நீ வடிவாச் சொன்னனீ. சங்கிலி போட்ட பொம்பிளை திருப்பிச் சொல்லேக்கை பிழையாச் சொன்னவ. நீ ஏன் திருத்தேல்லை?"

வாய் தவறியிருக்கும், அவையளுக்கு எங்கட பேர் வராது என்றாள் சுகந்தினி. வரும்வரை சொல்லிக் கொடுக்க வேண்டியதுதானே என்றாள் அம்மா. எழுதுவார்கள்தானே, எழுதுவதையும் பிழையாக எழுதிவிடுவார்கள், பிறகு அது வேறு ஆரோ ஆகிவிடும். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் சுகந்தினி. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

"நாளைக்கு வேண்டாம் பிள்ளை. ஆக்கள் போகமுதல் போ."

சுகந்தினி வாகனத்திலிருந்து இறங்கினாள். வெயில் கட்டடத்தின் உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்தது. காவலாளி கண்ணாடிக் கதவின் ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மறுபக்கத்துக்கு வந்திருந்தார். எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டார், ஆம் என்றாள். மண்டபத்தில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. மேயர் தன் பதவிச் சங்கிலியைக் கழற்றி அதன் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார், தோளில் கைப்பை, காலில் காலணிகளை மாற்றியிருந்தார். அவளைக் கண்டதும் முகம் எச்சரிக்கையானது, மறுபடி ஒரு பேச்சு வரப்போகிறது என்று நினைத்திருப்பார். சுகந்தினி மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு பெயர், அது மட்டும்தான் என்றாள். மேயர் பெட்டியின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பையைக் கீழே வைத்தார். சொல்லுங்கள் என்றார். சுகந்தினி, கடையில் முதியவர்களிடம் எழுத்துகளைச் சொல்வதைவிட மெதுவாக, எழில்வதனி என்றாள். மேயர் திருப்பிச் சொன்னார். ழகரம் வரவில்லை. நாக்கை மடக்கிப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று சுகந்தினி காட்டினாள், தன் வாயைத் திறந்து, ஒரு பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல. அந்த வயதான பெண்ணும் வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, நாக்கை மடக்கிப் பார்த்தார். காவலாளி கதவருகே சாவிகளோடு காத்து நின்றார். மன்னிக்கவும், இன்னொரு முறை, என்றார் மேயர்.